எட்டு மணிச் செய்திக்கு ஒரு வள்ளம்

தொலைபேசியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடி, ஸப்வான். கீழிருந்து எடுத்தால் எவ்வளவு நல்ல மனிதனுக்கும் கழுத்தில் மூன்று மடிப்பு விழும். ஓம், இப்போது சரி. ஜன்னல் எனக்குப் பின்னால் வரக்கூடாது, முகம் கறுத்துப்போகும். பக்கவாட்டில் வை. குடாவும் கொஞ்சம் தெரியட்டும்.

எழுத்துத் தமிழில் பேசுகிறேன் என்று சிரிக்காதே. கமெரா ஓடத் தொடங்கினால் என் நாக்கு தானாகவே செய்தித் தமிழுக்கு மாறிவிடும். மீன் சந்தையில் என் பெயர் இராகுலன் என்பது பாதிப்பேருக்குத் தெரியாது. "வணக்கம் முக்கியச் செய்திகள், இண்டைக்குப் பாரையோ சூரையோ?" என்றுதான் கேட்பார்கள். பழகிவிட்டது.

நீ கேட்டது நல்ல கேள்வி. "இந்த மாசத்தோட உங்கட சனலின்ட எட்டு மணித் தமிழ்ச் செய்தி நிக்கப்போகுது. ரிவி ஏன் அண்ணன் இப்பிடிச் செத்துப்போச்சு?" கிண்ணியாவில் தொலைபேசி திருத்தும் கடை வைத்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் இணையத்தில் 'கரையோரம்' என்று ஒரு பக்கம் நடத்துகிறவன் நீ. இந்த மாவட்டத்துக்கே நிருபராக இருந்தவன் நான். அலுவலகத்தை மூடி, பெட்டிகளைக் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். எட்டிப் பார்த்தால் தெரியும், ஊருக்குள் திரியும் மான்கள் வந்து மட்டைப் பெட்டிகளைத் தின்றுகொண்டிருக்கின்றன. உன் பக்கத்தை இலட்சம் பேர் பார்க்கிறார்கள். எங்கள் செய்தியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கொழும்பு கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்திருக்கும்.

பதில் சுருக்கமானது. செத்தது ரிவி அல்ல. எட்டு மணிதான் செத்தது.

அந்தக் காலத்தில் கந்தளாயில் காலையில் பஸ் கவிழ்ந்தாலும் அது எட்டு மணிக்குத்தான் கவிழும். அதுவரை அது வெறும் ஊர்க்கதை. நாங்கள் செய்தியை எட்டு மணிக்கு 'வைப்போம்'. வடித்த சோற்றை மூடி வைப்பதைப் போல. நல்ல படம் ஒன்று கையில் கிடைத்தால் பக்கத்தில் நிற்கும் நிருபரிடம் வானிலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு, பைக்குள் அதைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் தொழில். அதில் நான் கெட்டிக்காரன். எட்டு மணிக்கு மூடியைத் திறந்தால் நாடு முழுவதும் ஆவி பறக்கும்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். நிலாவெளியில் ஒரு மாடு கிணற்றுக்குள் விழுந்தால், அது தண்ணீரைத் தொடுவதற்கு முன்னர் உன் பக்கத்தில் நேரலை ஓடும். மூடி வைக்க எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஐப்பசிக் கடைசியில் கொழும்பிலிருந்து ஜெஸ்மின் பேசினாள். எங்கள் செய்தி ஆசிரியர். கெட்டவள் அல்ல, அவளுக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

"இராகுலன், சனம் பின்னேரமே போனில பாத்து முடிச்சதை எட்டு மணிக்கு வாசிக்கிறதுக்கு ஒரு நிருபர் என்னத்துக்கு எண்டு கேக்கினம். நான் என்ன சொல்ல?"

அவளே தொடர்ந்தாள்.

"கிழக்கில ஒரு அலுவலகம்தான் மிஞ்சும். போனில வராத தலைப்புச் செய்தி ஒண்டு தாங்கோ. ஒண்டே ஒண்டு. மிச்சத்தை நான் கதைக்கிறன்."

இனி நான் சொல்லப்போவது உன் கேள்விக்கு வெளியே போகும். நிறுத்தாமல் எடு. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள், படம் ஆடாது.

அடுத்த கிழமை உன் மாமா ஹிஸ்புல்லா எனக்கு அழைப்பு எடுத்தார்.

ஏன் எனக்கு என்று நீயே பலமுறை கேட்டிருக்கிறாய். சில வருடங்களுக்கு முன்னர் அவருடைய வள்ளத்தின் எஞ்சின் களவுபோனது. நான் அதை எட்டு மணியில் போட்டேன். மறுநாள் காலை மூதூர் இறங்குதுறையில் சாக்கில் சுற்றியபடி எஞ்சின் கிடந்தது. அன்றிலிருந்து மனிதருக்கு ஒரு நம்பிக்கை. ரிவி சொன்னால் அரசாங்கமும் அசையும், கள்ளனும் அசைவான்.

பின்னேரம், அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. நான் இதே கதிரையில்தான் இருந்தேன்.

"தம்பி, எஞ்சின் நிண்டு போச்சு. நானும் மகன் இஹ்ஸானும்தான். வெளிச்சவீடு கண்ணுக்குத் தெரியிது. தெற்கால இழுக்கிது. போன்ல சார்ஜ் முடியப்போவுது, ஒராளுக்குத்தான் எடுக்க ஏலும். அதான் உங்களுக்கு எடுத்தன். மீட்பு அறைக்குச் சொல்லிருங்க."

"இப்பவே சொல்லுறன், ஹிஸ்புல்லா நானா. பயப்படாதேங்கோ."

"ரிவிக்குச் சொல்லியாச்சு மகன், இனிப் பயமில்ல" என்று அவர் பக்கத்தில் இருந்தவனுக்குச் சொல்வது கேட்டது. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

கடல் மீட்பு அறையில் அன்று கடமையில் இருந்தவர் குலசிங்கம். அவரை உனக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் கல்லெறிந்த வீடு அவருடையதுதான். தகவல் கிடைத்த கையோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது அவர் வழக்கம். மீனவர் சங்கங்கள், மீட்பு வள்ளக்காரர், நிருபர்கள், பக்கம் நடத்தும் நீங்கள், எல்லோரும் அந்தக் குழுவில் இருக்கிறீர்கள். பக்கத்தில் நிற்கும் வள்ளம் முதலில் போய்ச் சேரட்டும் என்பது அவர் எண்ணம். மிக நல்ல ஏற்பாடு. எனக்கு அதில் ஒரு கரைச்சல்தான் இருந்தது. குலசிங்கத்துக்குச் சொல்வதும் உனக்குச் சொல்வதும் ஒன்று.

தொலைபேசியில் அவருடைய பெயர் வரைக்கும் போனேன். பிறகு ஜெஸ்மினுக்கு எடுத்தேன்.

அவள் முதலில் கேட்டது அதைத்தான். "மீட்பு அறைக்குச் சொல்லியாச்சோ?"

"ஓம்."

ஒரு சொல். எப்படியும் சொல்லத்தான் போகிறேன், சற்றுப் பிந்திச் சொல்லப்போகிறேன், அவ்வளவுதானே என்றுதான் எண்ணினேன். என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருமுன் என் பக்க நியாயத்தையும் கேள். அன்று கடல் குளம்போல் கிடந்தது. எஞ்சின் நின்று நாட்கணக்கில் மிதந்து வந்தவர்களை நானே பேட்டி கண்டிருக்கிறேன். கரையில் இறங்கியதும் அவர்கள் கேட்பது ஒரு கோப்பை பிளேன்ரீ. அஸரிலிருந்து எட்டு மணி வரை ஒரு வள்ளம் சும்மா மிதந்தால் என்ன ஆகிவிடப்போகிறது? அவர்களுக்கு ஒரு பின்னேரம் போகும். எனக்கு அலுவலகம் மிஞ்சும். யாருக்கும் நட்டமில்லை. இன்றைக்குச் சொல்லிப் பார்த்தாலும் அந்தக் கணக்கு சரியாகவே வருகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மோட்டார் சைக்கிளில் மூதூருக்குப் போனேன். உன் மாமி றுக்கியா குசினியிலிருந்து மாவுக் கையோடு வந்தார். எஞ்சின் நின்றுவிட்டது, மீட்பு அறைக்குச் சொல்லியாகிவிட்டது, வந்துவிடுவார்கள் என்றேன். கையிலிருந்த மாவை முந்தானையில் துடைத்தார். பிறகு கேட்டார்.

"சேர், ஸப்வானுக்கு ஒரு வார்த்தை சொல்லட்டா? அவன் போட்டாண்டா இந்தக் கரையில உள்ள வள்ளமெல்லாம் இறங்கிரும்."

"வேண்டாம் அக்கா. அவன் அவசரத்தில ஏதும் போட்டா மீட்புக்காரருக்குத்தான் கரைச்சல். எட்டு மணிக்கு நாங்க முறையாச் சொல்லுவம்."

"அதுவும் சரிதான். நீங்க முறையாச் செய்ற ஆக்கள்."

அவர் உன்னை நம்பாமல் விடவில்லை, ஸப்வான். என்னைக் கூடுதலாக நம்பினார். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

தொழுகைப் பாயில் அவர் இருந்து கையேந்தும் படம், நீ பார்த்ததுதான். எல்லோரும் அழுத படம். உள்ளே இருட்டாக இருந்தது. மஃரிபுக்கு முந்திய அந்தி வெளிச்சம் முற்றத்தில் அழகாக விழுந்திருந்தது. பாயை வெளியே விரிக்கச் சொன்னவன் நான்தான். முதல் தடவை முந்தானை முகத்தை மறைத்தது. இன்னொரு தரம் துஆக் கேட்கச் சொன்னேன். கேட்டார்.

பொழுதுபட, செக்கலோடு காற்று மாறியது. இறங்குதுறையில் நேரலைக்கு நின்றபோது தென்னோலைகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தன. வாடைக் காற்றில் தெற்கே இழுபடும் வள்ளம் எங்கே போய் முட்டும் என்று இந்தக் கரையில் பிறந்த எவருக்கும் தெரியும். இலங்கைத்துறைக்கு நேரே கடலுக்குள் பாறைப் பார் இருக்கிறது. எனக்கும் தெரியும். தொலைபேசி சட்டைப் பைக்குள் இருந்தது. காற்றுச் சத்தம் விழக்கூடாது என்று ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை போட்டேன்.

எட்டு மணிக்கு நான் தலைப்புச் செய்தி. முதல் செய்தி. நான்கு வருடத்துக்குப் பிறகு. செய்தி வாசித்த பிள்ளை, "மாலையிலேயே மீட்பு அறைக்கு அறிவிக்கப்பட்டும் இதுவரை எவரும் கடலுக்கு அனுப்பப்படவில்லை" என்று வாசித்தது. ஜெஸ்மின் எழுதிய வரி. என் 'ஓம்' அங்கே போய் இப்படிக் குட்டி போட்டிருந்தது. காதுக்குள் அதைக் கேட்டபோது மறுத்திருக்கலாம். நேரலையில் மறுப்பது அழகில்லை. தலையை ஆட்டினேன். பார்த்திருப்பாய்.

முடித்துவிட்டு மீட்பு அறைக்கு எடுக்கத்தான் போனேன். அதற்குள் குலசிங்கமே எடுத்துவிட்டார். அவருடைய மனைவி சோபனா எட்டு மணிச் செய்தியைத் தவறவிடாதவர். எங்களுக்கு மிஞ்சிய கொஞ்சப் பேரில் ஒருவர்.

"தம்பி, இது எந்த வள்ளம்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

இடத்தைச் சொன்னேன். அவர் உடனே குழுவில் போட்டார். ஆனால் அதற்கும் முன்னர் நீ போட்டுவிட்டாய். உன் கடையில் ஓடிய ரிவித் திரையை உன் தொலைபேசியால் எடுத்து, "என்ட மாமா, யாராச்சும் போங்க" என்று அழுதுகொண்டு போட்டாய். இலங்கைத்துறைப் பொடியன்கள் அதைப் பார்த்துத்தான் வள்ளம் இறக்கினார்கள். எங்கள் செய்தியை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. நான் மூடி வைத்த செய்தியைக் கூட ஆட்கள் உன் பக்கத்தில்தான் பார்த்தார்கள். முதலில் சில நாட்கள் இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை.

எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி மிதந்த இஹ்ஸானைத் தூக்கினார்கள். வள்ளம் அப்போதுதான் பாரில் அடித்து உடைந்திருந்தது. உன் மாமாவைக் கடல் காலையில் தந்தது.

ஆஸ்பத்திரியில் இஹ்ஸானை முதலில் பேட்டி கண்டவனும் நான்தான். அவன் சொன்னதை நீ கேட்டாய், நாடே கேட்டது. "வெளிச்சம் இருக்கக்குள்ள கரை கிட்டத்தான் தெரிஞ்ச. நீந்திப் போய் ஆள் கூட்டிட்டு வாறன் வாப்பா எண்டன். ரிவிக்குச் சொல்லியாச்சு, இரு மகன், வருவாங்க எண்டு என்ட கையப் புடிச்சிக்கிட்டாரு. விடல்ல." அதை அன்றிரவு முழுமையாகப் போட்டோம். மீட்பு அறை எவ்வளவு அலட்சியம் என்பதற்குச் சாட்சியாக. அவர் யாரை நம்பி மகனின் கையைப் பிடித்தார் என்று எவரும் கேட்கவில்லை. ரிவி சொன்னால் பொய்யாக இருக்குமா என்று எண்ணிய கடைசிச் சனம் நீங்கள்தான். அந்த நம்பிக்கையின் கடைசித் துளியை நான் இதற்குச் செலவழித்தேன்.

விசாரணை வந்தது. அழைப்பு எடுத்தேன் என்றால் பதிவு காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, மூதூருக்குப் போகும் வழியில் மீட்பு அறை வாசலில் நிறுத்தி நேரில் சொன்னேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள். குலசிங்கத்தை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கல் விழுந்தது. சோபனா சந்தைக்கு வருவதில்லை.

குலசிங்கம் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒரு நாள் அழைப்பு எடுத்தார். "தம்பி, நான் யோசிச்சுப் பாத்தன். நீங்கள் பொய் சொல்லுற ஆள் இல்லை. எனக்கும் வயசு போட்டுது. ஒருவேளை நீங்கள் வந்து சொல்லி, நான்தான் மறந்துபோனனோ?"

"இருக்கலாம் அண்ணை" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன், ஸப்வான். அமைதியாக. அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

உன் மாமாவின் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு என்னை முதல் ஆளாகக் கூப்பிட்டீர்கள். ஒரே சஹன் தட்டில் ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் இஹ்ஸான், நடுவில் நான். இறைச்சித் துண்டை எல்லாம் இஹ்ஸான் என் பக்கமாகத் தள்ளித் தள்ளி வைத்தான். "என்னக் காப்பாத்தினது நீங்கதானே சேர், தின்னுங்க" என்றான். தின்றேன். கை கழுவும்போது உன் மாமி மறைவில் நின்று கேட்டார்.

"மனுசன் கடைசியாக் கதைச்சது உங்களோடதானே. என்ன சொன்னாரு?"

"உங்களைத்தான் அக்கா கேட்டவர். றுக்கியாவைப் பயப்படாம இருக்கச் சொல்லுங்கோ எண்டார்."

அதைக் கேட்டு அவர் அழுதது ஆறுதலான அழுகை. இந்தக் கதை முழுவதிலும் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பொய்தான் என்று சில நாட்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது அதையும் அவரிடமிருந்து பறிக்கிறேன். அவரிடம் சொல். உன் மாமா சொன்ன கடைசிச் சொல், இனிப் பயமில்ல என்பதுதான். அதுவும் என்னை நம்பிச் சொன்னது.

அலுவலகம் என்ன ஆனது என்று கேட்கமாட்டாயா? ஜெஸ்மின் பாவம், கதைத்துப் பார்த்தாள். கிழக்கில் ஒரு அலுவலகத்தை மிஞ்சவிடுவது என்ற பேச்சையே மேலிடம் கைவிட்டுவிட்டது. மொத்தச் செய்தியையும் நிறுத்துகிறார்கள். அந்த நேரத்துக்குச் சமையல் போட்டி ஒன்று வருகிறது.

ஆக, ஹிஸ்புல்லா நானாவைக் கொன்றது காற்றும் அல்ல, பாரும் அல்ல, குலசிங்கமும் அல்ல. நான். வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். செய்தியை வேண்டுமென்றே வைத்திருந்தேன். அந்தச் செய்திக்குள் அவர் இருந்தார்.

குலசிங்கத்தின் விசாரணை இன்று பின்னேரத்தோடு முடிகிறது. நாலு மணிக்குக் கூடி முடிவை எழுதுகிறார்கள். எழுதிவிட்டால் மாற்றுவது கஷ்டம். ஓய்வூதியமும் போய்விடும். ஓய்வுக்கு ஒரு வருடம்தான் அவருக்கு மிச்சம். அதற்குள் உண்மை வெளியே போகவேண்டும் என்றுதான் உன்னைக் காலையிலேயே வரச்சொன்னேன். பேட்டி ஒரு சாட்டுத்தான். இப்போது மனது இலேசாக இருக்கிறது. அந்தப் பழைய புத்தி என்னை விட்டுப் போய்விட்டது. ஒன்றையும் மூடி வைக்காமல் ஒரு செய்தியை முழுதாகச் சொன்னது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

அழுகிறாய். பரவாயில்லை, படம் ஆடினாலும் பரவாயில்லை. நிறுத்து. காட்டு, பார்ப்போம்.

நன்றாக வந்திருக்கிறது. வெளிச்சம் சரி. குரலும் தெளிவு. ஒரு இடத்திலும் வெட்டாமல் முழுவதையும் போடு. உன் பக்கத்தில் இதுவரை இப்படி ஒன்று வந்திருக்காது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தம்பி. இப்போது போடாதே. பகலில் ஆட்கள் வேலையில் இருப்பார்கள், அரைகுறையாகப் பார்ப்பார்கள். எட்டு மணிக்கு வை.